அவருக்குக் குடும்பம் இருக்கிறது என்றால் எனக்கு?

பணியிடத்தில் பெண்களுக்கு வரும் சிக்கல்கள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, கோவை, திருப்பூர் பகுதிகளில் தொழிலாளர் வழக்குகளை நடத்திவரும் பெண் வழக்கறிஞர் பதில் சொல்கிறார். எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: பனியன் கம்பெனியில் ஒன்பது வருடமாக ஓவர்லாக் (துணி ஓரம் தைக்கும் மிஷின்) டெய்லராக இருக்கிறேன். சமீபத்தில் சேர்ந்த ஒரு தம்பிக்கு ஷிப்ட்டுக்கு என்னைவிட 80 ரூபாய் அதிகம். அதே மிஷின், அதே பீஸ். மேனேஜரிடம் கேட்டால், "அவருக்குக் குடும்பம் இருக்குதுங்க. உங்களுக்குத்தான் வீட்டுக்காரர் சம்பாதிக்கிறாரே" என்கிறார். என் வீட்டுக்காரர் உடம்பு சரியில்லாமல் இரண்டு வருடமாக வீட்டில்தான் இருக்கிறார். அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் கேட்டது தப்பா? (வாசகி, திருப்பூர்)

பதில்: தப்பே இல்லை. வீட்டு நிலவரத்தை நீங்கள் சொல்லாமல் வந்ததும் நல்லதுதான். உங்கள் கணவர் கை நிறையச் சம்பாதித்தாலும் உங்கள் கூலியில் ஒரு ரூபாய் குறைக்க யாருக்கும் உரிமை கிடையாது. குடும்பத்தைப் பார்த்துத்தான் கூலி என்றால், கணவரை இழந்து தனியாகப் பிள்ளைகளை வளர்க்கும் பெண்ணுக்கு அந்தக் கம்பெனியில் எல்லோரையும்விட அதிகச் சம்பளம் கொடுத்திருக்க வேண்டும். எங்கேயும் அப்படிக் கொடுத்து நான் பார்த்ததில்லை. ஆகவே குடும்பம் என்பது காரணம் அல்ல, சாக்கு.

ஒரே வேலைக்கோ ஒரே தன்மையுள்ள வேலைக்கோ ஆண், பெண் என்று பார்த்துச் சம்பளம் போடக் கூடாது என்று 1976-லேயே சட்டம் வந்துவிட்டது. அந்தச் சம ஊதியச் சட்டம் இப்போது 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பில் சேர்ந்துவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் அந்தத் தொகுப்பு அமலில் இருக்கிறது. பெயர் மாறியிருக்கிறதே தவிர, உங்கள் உரிமை அப்படியேதான் இருக்கிறது.

முதலாளிகள் இதற்குச் சொல்லும் சமாதானங்களை எல்லாம் உச்ச நீதிமன்றம் 1987-லேயே கேட்டு முடித்துவிட்டது. மக்கின்னன் மெக்கன்சி என்ற நிறுவனத்தில் சுருக்கெழுத்தராக இருந்தவர் ஆட்ரி டிகோஸ்டா. ஆண் சுருக்கெழுத்தர்களுக்குத் தன்னைவிட அதிகச் சம்பளம் என்று அவர் வழக்குப் போட்டார். பெண்கள் உயர் அதிகாரிகளுக்கு உதவியாக இருக்கும் தனிப் பிரிவு என்றது நிறுவனம். சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டுத்தான் சம்பளம் முடிவானது என்றது. கடைசியில், எல்லோருக்கும் சமமாகக் கொடுக்க எங்களிடம் பணம் இல்லை என்றும் சொல்லிப் பார்த்தது. எதையும் நீதிமன்றம் ஏற்கவில்லை. முக்கியமாக அந்தக் கடைசி வாதத்தை நினைவில் வையுங்கள். "ஆர்டர் இல்லீங்க, கம்பெனி நிலைமை சரியில்லீங்க" என்று உங்களிடமும் சொல்லப் போகிறார்கள். நிலைமை சரியில்லை என்பது பெண்ணுக்கு மட்டும் குறைத்துக் கொடுக்கக் காரணம் ஆகாது.

சரி, என்ன செய்வது? முதலில் அந்தத் தம்பியோடு மனஸ்தாபம் வேண்டாம். அவருக்குக் கிடைப்பது அவருடைய உழைப்புக்கான கூலி. அடுத்து, உங்களோடு ஓவர்லாக் ஓட்டும் மற்றப் பெண்களுக்கு எவ்வளவு தருகிறார்கள் என்று விசாரியுங்கள். எல்லோரும் குறைவாகத்தான் வாங்குகிறார்கள் என்றால், சேர்ந்தே கையெழுத்துப் போட்டு மேனேஜருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். நான்கு வரி போதும்: ஓவர்லாக் டெய்லர்களுக்குக் கம்பெனியில் நிர்ணயித்திருக்கும் ஷிப்ட் கூலி எவ்வளவு, எங்களுக்கு அதில் குறைவாகக் கொடுப்பதற்குக் காரணம் என்ன? நகல் ஒன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வாயால் கேட்டால் "குடும்பம்" என்பார்கள். அதையே தாளில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னால் எந்த மேனேஜரும் எழுத மாட்டார். சம்பளச் சீட்டு கொடுப்பதும் சட்டப்படி முதலாளியின் கடமை. இதுவரை துண்டுக் காகிதத்தில் கணக்கெழுதித் தந்தார்கள் என்றால், அந்தத் துண்டுகளையும் எடுத்து வையுங்கள். கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம்.

ஒன்றை மட்டும் கூடுதலாகச் சொல்கிறேன். உங்கள் வழக்கு சுலபமானது, ஏனென்றால் இருவரும் ஒரே மிஷின். பெரும்பாலான பெண்களுக்கு அந்த வசதி இல்லை. என் அம்மா திருப்பூரில் செக்கிங் வேலை பார்த்தவர். ட்யூப்லைட்டுக்குக் கீழே நின்றபடி, பீஸை மேஜையில் விரித்து இரண்டு உள்ளங்கையாலும் நீவுவார். ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் எல்லாம் கண்ணுக்கு முன்னால் விரலுக்குத் தெரிந்துவிடும். கத்தரி விரலிலேயே மாட்டியிருக்கும். பிசிரை வெட்டிக்கொண்டே அடுத்த பீஸை இழுப்பார். அவர் ஒரு ஓட்டையை விட்டுவிட்டால் வெளிநாட்டுக்காரன் சரக்கைத் திருப்பி அனுப்புவான். அவ்வளவு பொறுப்பான வேலைக்கு டெய்லர் கூலியைவிடக் குறைவு. கட்டிங், அயர்ன் எல்லாம் ஆண்கள், செக்கிங், கைமடி (டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுப்பது) எல்லாம் பெண்கள் என்று பிரித்து வைத்துவிட்டதால், யாரோடு ஒப்பிட்டுக் கேட்பது என்றே தெரியாது. ஆனால் சட்டம் "ஒரே வேலை" என்று மட்டும் சொல்லவில்லை. திறமை, உழைப்பு, அனுபவம், பொறுப்பு நான்கும் ஒத்திருந்தால் ஒரே தன்மையுள்ள வேலை என்கிறது. செக்கிங்கையும் அயர்னையும் பக்கத்தில் வைத்து வாதாட இடமிருக்கிறது. சங்கங்கள் கூலி ஒப்பந்தம் பேசும்போது இதைக் கேட்க வேண்டும். பேச்சுவார்த்தை மேஜையில் செக்கிங் பெண்கள் உட்கார்ந்திருந்தால்தான் கேட்பார்கள்.

கேள்வி: தி.நகரில் ஒரு துணிக்கடையில் சேலைப் பிரிவில் இருக்கிறேன். உட்காரச் சட்டம் வந்தது என்று ஸ்டூல் போட்டார்கள். ஆனால் உட்கார்ந்தால் கேமராவில் பார்த்து ஃப்ளோர் சூப்பர்வைசர் வந்துவிடுகிறார். பாத்ரூம் போகவும் நேரக் கணக்கு. தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டோம். (வாசகி, சென்னை)

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி வரியைப் படித்துவிட்டு எனக்குக் கோபம்தான் வந்தது. தண்ணீர் குடிக்காமல் ஒரு நாள் முழுக்க நிற்பது சிறுநீர்த் தொற்றில் கொண்டுபோய் விடும். வருடக் கணக்கில் நின்றே வேலை செய்தால் காலில் நரம்பு சுருட்டிக்கொள்ளும். முதலில் தண்ணீர் குடியுங்கள். மீதியை அப்புறம் பார்ப்போம்.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தை 2021-ல் திருத்தி 22-அ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். ஸ்டூல் வாங்கிப் போட்டால் போதும் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. வேலைக்கு நடுவே உட்காரக் கிடைக்கும் வாய்ப்பைத் தொழிலாளர்கள் பயன்படுத்திக்கொள்ள வேண்டும், நாள் முழுக்க நிற்கும் நிலை இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் இருக்கை என்று அதிலேயே இருக்கிறது. ஸ்டூல் இருந்தும் உட்காரவிடவில்லை என்றால் சட்டத்தை மீறியதாகத்தான் அர்த்தம். அந்தக் கேமரா பதிவே உங்களுக்குச் சாட்சி.

இந்த உரிமை சும்மா வந்ததில்லை. கோழிக்கோட்டில் மிட்டாய்த் தெரு என்று பெரிய கடைவீதி இருக்கிறது. அங்கே கடைகளில் வேலை பார்த்த பெண்களுக்குக் கழிவறைகூட இல்லை. விஜி என்ற தையல்காரர் அந்தப் பெண்களைத் திரட்டி "பெண்கூட்டு" என்ற அமைப்பை உருவாக்கினார். முதலில் கழிவறைக்காகப் போராடினார்கள், பிறகு உட்காரும் உரிமைக்காக. கேரள அரசு 2018-ல் சட்டத்தைத் திருத்தியது. மூன்று வருடம் கழித்து நம் சட்டமன்றத்திலும் நிறைவேறியது.

நீங்கள் தனியாளாகப் போய் நிற்க வேண்டாம். கடைப் பெயர், எந்தத் தளம், எந்த நேரத்தில் உட்காரவிடுவதில்லை என்ற விவரத்தோடு தொழிலாளர் உதவி ஆய்வாளருக்கு ஒரு சங்கத்தின் வழியாக மனுப் போகட்டும். ஆய்வுக்கு வரும்படி கேட்கலாம். உங்கள் பெயர் அதில் இருக்க வேண்டிய அவசியமில்லை. தீபாவளி, ஆடித் தள்ளுபடிக் கூட்டத்துக்கு முன்பே கொடுங்கள்.

இந்தப் பக்கத்தைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நீங்கள் உள்ளே வரும்போது ஒரு பெண் உட்கார்ந்திருந்தால் அதை மரியாதைக் குறைவாக நினைக்காதீர்கள். "வாடிக்கையாளர் தப்பா நினைப்பாங்க" என்று சொல்லித்தான் அவர்களை நிற்க வைக்கிறார்கள்.

கேள்வி: சின்னதாக ஒரு விசைத்தறிப் பிரிவும் தையல் பிரிவும் நடத்துகிறேன். இருபத்தைந்து பேர் வேலை செய்கிறார்கள். கல்யாணமான இளம்பெண்களை எடுத்தால் ஆறு மாதச் சம்பளம் என் தலையில் விழுகிறது. என்னைப் போன்றவர்கள் எப்படித் தாங்குவது? பெண்கள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. (வாசகர், ஈரோடு)

பதில்: நேராகக் கேட்டதற்கு நன்றி ஐயா. பலர் கேட்காமலே பெண்களை எடுப்பதை நிறுத்திவிடுகிறார்கள்.

உங்கள் ஆட்களுக்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) கட்டுகிறீர்களா? பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கும் பிரிவு, மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் என்றால் கட்டித்தான் ஆக வேண்டும். நீங்கள் சம்பளத்தில் 3.25 சதவீதம், தொழிலாளி 0.75 சதவீதம். அப்படிக் கட்டியிருந்தால், பிரசவத்துக்குப் போகும் பெண்ணுக்கு 26 வாரப் பணத்தை இ.எஸ்.ஐ. கொடுக்கும். அதற்கு முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் (ஒரு காலம் ஆறு மாதம்) அவருக்காக 70 நாட்களுக்குப் பணம் கட்டியிருக்க வேண்டும், அவ்வளவுதான். உங்கள் தலையில் ஒரு பைசா விழாது. அந்த ஆறு மாதத்துக்கு வேறு ஆள் தேடும் சிரமம் உண்டு. அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஊருக்குப் போன ஆண் தொழிலாளி மூன்று மாதம் திரும்பி வராவிட்டாலும் அதே சிரமம்தானே. அதற்காக ஆண்களையே எடுப்பதில்லை என்று யாரும் முடிவு செய்வதில்லை.

21,000-க்கு மேல் சம்பளம் வாங்கும் பெண்கள் விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. அங்கே முழுச் செலவும் முதலாளியுடையது. 2017-ல் விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாகக் கூட்டியபோது அந்தச் செலவில் அரசு பங்கெடுக்கவில்லை. மகப்பேற்றுப் பணம் சமூகக் காப்பீட்டிலிருந்தோ அரசு நிதியிலிருந்தோ வர வேண்டும், தனி முதலாளியின் தலையில் கட்டக் கூடாது என்று அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் 2000-ஆம் ஆண்டு உடன்படிக்கை சொல்கிறது. உங்கள் சிறுதொழில் சங்கம் இதை அரசிடம் கேட்டால் என்னைப் போன்றவர்களும் உங்களோடு நிற்போம். அரசிடம் கேட்க வேண்டியதை வேலை கேட்டு வரும் பெண்ணிடம் வசூலிக்காதீர்கள்.

கேள்வி: பிரசவ விடுப்பு முடிந்து ஐ.டி. கம்பெனிக்குத் திரும்பினேன். என் ப்ராஜெக்டில் வேறு ஆள். என்னை பெஞ்சில் போட்டு (ப்ராஜெக்ட் எதுவும் கொடுக்காமல் உட்கார வைத்து), வருட ரேட்டிங்கையும் குறைத்துவிட்டார்கள். "ஆறு மாதம் நீங்கள் இல்லையே" என்கிறார் ஹெச்.ஆர். (வாசகி, சோழிங்கநல்லூர்)

பதில்: விடுப்பில் இருந்ததையே குறையாக எழுதினால், சட்டம் கொடுத்த விடுப்புக்குத் தண்டனை கொடுப்பதாக ஆகிவிடும். மகப்பேற்று விடுப்பில் இருக்கும் பெண்ணை வேலையை விட்டு நீக்கவோ, அவருக்குப் பாதகமாகப் பணி நிபந்தனைகளை மாற்றவோ கூடாது என்று 1961 சட்டத்திலிருந்தே இருக்கிறது. ஹெச்.ஆர். உங்களிடம் நேரில் சொன்னதை அன்று மாலையே மின்னஞ்சலில் எழுதி அனுப்புங்கள்: "இன்று நாம் பேசியபோது, விடுப்பில் இருந்ததால் என் ரேட்டிங் குறைந்தது என்று சொன்னீர்கள். நான் புரிந்துகொண்டது சரிதானா?" வேலை பார்த்த மாதங்களை மட்டும் வைத்து மதிப்பிடச் சொல்லிக் கேளுங்கள். அந்த மாதங்களில் முடித்த வேலைகளைப் பட்டியலாக இணைத்துவிடுங்கள்.

கூடவே, ஐம்பது பேரோ அதற்கு மேலோ இருக்கும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்த்து வரலாம். உங்கள் கம்பெனியில் அது எங்கே இருக்கிறது என்றும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: நேர்முகத் தேர்வில் "எப்போ கல்யாணம்?" என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது? (வாசகி, மதுரை)

பதில்: "வேலை சம்பந்தமாகக் கேளுங்கள் சார், சொல்கிறேன்" என்று மரியாதையாகச் சொல்லலாம். சொன்னால் வேலை கிடைக்காமல் போகலாம் என்பதும் உண்மை. அதனால் சொல்லியே ஆக வேண்டும் என்று உங்களைக் கட்டாயப்படுத்த மாட்டேன். வேலைக்கு எடுக்கும்போதே பெண் என்பதற்காகப் பாகுபாடு காட்டக் கூடாது என்று சட்டம் இருக்கிறது.

அரசாங்கமே இப்படிக் கேட்ட காலம் உண்டு. சென்னையில் படித்து, வெளியுறவுப் பணிக்குத் தேர்வான முதல் பெண் சி.பி. முத்தம்மா. கல்யாணம் செய்துகொண்டால் ராஜினாமா செய்வேன் என்று அவரிடம் எழுதி வாங்கித்தான் சேர்த்துக்கொண்டார்கள். பெண் அதிகாரி கல்யாணத்துக்கு அனுமதி வாங்க வேண்டும் என்று விதியே இருந்தது. பதவி உயர்வு மறுக்கப்பட்டபோது அவர் உச்ச நீதிமன்றம் போனார். 1979-ல் நீதிபதி கிருஷ்ணய்யர் அந்த விதிகளைக் கடுமையாகக் கண்டித்தார். விதியாக எழுதி வைத்திருந்ததால் அதை எதிர்த்து வழக்குப் போட முடிந்தது. இன்று அது எழுதப்படாமல் ஒரு கேள்வியாக மட்டும் வருகிறது. கேட்டவர் பதவி, தேதி, கேட்ட வார்த்தை மூன்றையும் வீட்டுக்கு வந்ததும் குறித்து வையுங்கள். உங்களைப் போல அங்கே போன வேறு பெண்களும் இருப்பார்கள்.

கேள்வி: அலுவலகத்தில் ஆயுத பூஜைக்குக் கோலம், விருந்தினருக்குக் காபி, பிறந்தநாளுக்குக் கேக் எல்லாம் பெண்கள் மூன்று பேர் தலையில்தான். முகம் சுளித்தால் "திமிர்" என்கிறார்கள். (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: முகம் சுளிக்க வேண்டாம். சிரித்த முகத்தோடு ஒரு முறைப் பட்டியல் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள். எல்லோர் பெயரும் அகர வரிசையில், அதிகாரி பெயரும் சேர்த்து. இதற்குச் சட்டம் எல்லாம் தேவையில்லை.

கேள்வி: ஆறு பேர் மட்டும் வேலை செய்யும் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். முதலாளி இரவு பத்து மணிக்கு மேல் வாட்ஸ்அப்பில் தேவையில்லாத செய்திகள் அனுப்புகிறார். பகலில் பக்கத்தில் வந்து தோளைத் தொட்டுப் பேசுகிறார். கமிட்டி எல்லாம் பெரிய கம்பெனிக்குத்தானாமே? நிரூபிக்க முடியாவிட்டால் என்மேலேயே நடவடிக்கை வரும் என்று தோழி பயமுறுத்துகிறாள். (வாசகி, சேலம்)

பதில்: அந்தச் செய்திகளை அழிக்காதீர்கள். இப்போதே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, நீங்கள் நம்பும் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். தோளைத் தொட்ட நாட்களை நினைவிருக்கும் வரை ஒரு நோட்டில் எழுதுங்கள். தேதி, நேரம், பக்கத்தில் யார் இருந்தார்கள், எல்லாவற்றையும்.

உங்கள் தோழி பாதியைத்தான் கேள்விப்பட்டிருக்கிறார். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் அலுவலகத்துக்குள்ளேயே உள்ளகப் புகார்க் குழு அமைக்க வேண்டும். அதற்கும் குறைவாக இருக்கும் இடங்களுக்காகவும், முதலாளி மேலேயே புகார் என்றாலும், மாவட்டந்தோறும் உள்ளூர்ப் புகார்க் குழு என்று ஒன்று இருக்கிறது. உங்கள் விஷயத்தில் இரண்டு காரணமும் பொருந்துகிறது. மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் சமூக நல அலுவலகத்தில் விசாரியுங்கள், அல்லது 181-க்குப் பேசுங்கள். கடைசியாகச் சம்பவம் நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். அதுவரை அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு வேலை செய்ய முடியாது என்றால், மூன்று மாதம் வரை விடுப்புக்குப் பரிந்துரைக்கும்படி குழுவிடம் கேட்கலாம். அந்த விடுப்பு உங்கள் சொந்தக் கணக்கில் கழியாது.

தண்டனை பயம் பற்றி: வேண்டுமென்றே பொய்ப் புகார் கொடுத்தால்தான் நடவடிக்கை. நிரூபிக்க முடியவில்லை என்பதற்காக மட்டும் உங்கள்மேல் எதுவும் செய்ய முடியாது. சட்டத்திலேயே இதைத் தெளிவாக எழுதியிருக்கிறார்கள்.

நான் சில நிறுவனங்களின் குழுக்களில் வெளி உறுப்பினராக உட்கார்ந்திருக்கிறேன். அங்கே புகார்கள் பெரும்பாலும் எப்படி முடிகின்றன தெரியுமா? முதல் நாளே யாராவது ஒரு பெரிய மனிதர் வந்து, "பேசி முடிச்சுக்கலாம்மா, உன் எதிர்காலம் கெட்டுடும்" என்பார். அந்தப் பெண் கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டு தலையை ஆட்டுவார். அந்த இடத்தில் நான் விசாரணைத் தாளை எடுத்து வைத்துக் கேட்பேன்: சமரசம் வேண்டும் என்று நீங்களாகக் கேட்டீர்களா? ஏனென்றால், பாதிக்கப்பட்ட பெண் தானாகக் கேட்டால் மட்டும்தான் சமரசத்துக்கே இடம். பணம் கொடுத்து முடிப்பதற்கு அப்போதும் இடமில்லை. இந்த ஒரு விஷயம் தெரிந்திருந்தால் பல பெண்கள் தலையாட்டியிருக்க மாட்டார்கள். உங்களிடமும் யாராவது தூது வருவார்கள். பதில் சொல்லாமல், வந்தவர் பெயரையும் நோட்டில் எழுதுங்கள்.

இந்தச் சட்டம் பெரிய அலுவலகப் பெண்களால் வந்ததும் இல்லை. ராஜஸ்தானில் அரசுத் திட்டத்தில் கிராமப் பணியாளராக இருந்த பன்வாரி தேவி, தன் வேலையின் ஒரு பகுதியாகக் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போய் 1992-ல் கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். அதை ஒட்டித்தான், பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க உச்ச நீதிமன்றம் வழிமுறைகள் வகுத்த விசாகா தீர்ப்பு 1997-ல் வந்தது. அதிலிருந்து 2013-ல் சட்டம் வந்தது. ஆறு பேர் வேலை செய்யும் அலுவலகத்துப் பெண்ணுக்கும் அது சொந்தம். வக்கீல் செலவுக்கும் யோசிக்காதீர்கள். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. 15100-க்குக் கூப்பிடுங்கள்.

கேள்வி: அம்மா நான் பிறக்கும் முன்பிருந்தே சித்தாள் வேலை செய்கிறார். அவரோடு கலவை தூக்கிய ஆண்கள் எல்லாம் கொத்தனார், மேஸ்திரி ஆகிவிட்டார்கள். அம்மாவுக்கு மட்டும் இன்றும் அதே வேலை. பூச்சு வேலை நன்றாகத் தெரியும். (கல்லூரி மாணவி, விழுப்புரம்)

பதில்: அம்மாவுக்கு வேலை தெரியாமல் இல்லை. கரண்டியையும் ரசமட்டத்தையும் கையில் கொடுக்க யாரும் இல்லை. புதிதாக வந்த பையனுக்கு மதியச் சாப்பாட்டு நேரத்தில் மேஸ்திரி இரண்டு வரிசைக் கல் வைக்கக் கற்றுக்கொடுப்பார். அந்த நேரத்தில் அம்மா சட்டி கழுவிக்கொண்டிருந்திருப்பார். கேரளத்தில் குடும்பஸ்ரீ என்ற அரசு மகளிர் திட்டத்தில் இருக்கும் பெண்கள் குழுவாகச் சேர்ந்து வீடு கட்டிக் கொடுக்கிறார்கள். ஜார்க்கண்டில் கழிப்பறை கட்டும் திட்டத்தில் பெண்களுக்குக் கொத்து வேலை கற்றுக்கொடுத்தார்கள். அவர்களை அங்கே ராணி மிஸ்திரி என்கிறார்கள்.

அம்மா கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால் உடனே செய்துவிடுங்கள். ஆதார், வங்கிப் புத்தகம் எடுத்துக்கொண்டு நீங்களே கூடப் போங்கள். வாரியத்தின் வழியாகத் திறன் பயிற்சி எங்கே, எப்போது நடக்கிறது என்று கேட்டு, கொத்தனார் பயிற்சிக்கு அம்மா பெயரைக் கொடுங்கள். "அந்தப் பயிற்சி ஆம்பளைங்களுக்கும்மா" என்று யாராவது சொன்னால், எழுதித் தரச் சொல்லுங்கள். தராவிட்டால் சொன்னவரின் பதவியையும் தேதியையும் குறித்து எனக்கு அனுப்புங்கள். மாவட்டத் தொழிலாளர் அலுவலருக்கு நான் எழுதுகிறேன்.